செருப்பைக் கழற்றச் சொல்லாத மருத்துவமனை

எங்கள் ஊரில் ஒரு தெரு உண்டு. என் பெரியப்பா இளைஞராக இருந்த காலத்தில், அந்தத் தெருவுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவில் இனி நடக்கவே கூடாது என்றுதான் அவர் நகரத்துக்கு வந்தார். நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். விடியும் முன் தள்ளுவண்டியோடு கிளம்பினால் மதியம் வரை நடைதான். சர்க்கரை இருந்தது. பீடிப் பழக்கமும் இருந்தது.

ஐம்பத்து மூன்று வயதில் கால் வலி தொடங்கியது. "ரெண்டு தெரு தள்ளுனா கெண்டக்கால புடிச்சு இழுக்குதுப்பா. செத்த நேரம் நின்னா விட்டுருது" என்பார். மருத்துவமனைக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இவரைவிட இருபது வயது இளையவர். "என்னய்யா உனக்கு?" என்று கேட்டார். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை சத்து ஊசி. அதற்கடுத்த முறை, "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." இரண்டு ஆண்டுகளில் ஐந்தாறு முறை போயிருப்பார். ஒரு முறைகூட யாரும் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. காலைப் பார்க்கவில்லை. தொடவில்லை.

பிறகு ஒரு நாள் குப்பையில் கிடந்த கண்ணாடித் துண்டு கால் விரலைக் கிழித்தது. புண் ஆறவில்லை. விரல் கறுத்தது. காய்ச்சல் வந்தது. பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அறுவை செய்த மருத்துவர் நல்லவர். வருத்தத்தோடுதான் கேட்டார்: "ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தீர்கள்?"

நாங்கள் தாமதமாக வரவில்லை, டாக்டர். இரண்டு ஆண்டுகளாக வந்துகொண்டேதான் இருந்தோம்.

தோழர்களே, வன்கொடுமை பற்றியும் பஞ்சமி நிலம் பற்றியும் இடஒதுக்கீடு பற்றியும் எழுதும் இந்தப் பக்கத்தில் இன்று ஒரு மருத்துவச் சோதனையைப் பற்றி எழுதுகிறேன். ஊசி குத்தாத, கத்தி படாத, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற சோதனை. அது பெரியப்பாவுக்குச் செய்யப்பட்டிருந்தால் கால் கட்டாயம் தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தப்புவதற்கு இரண்டு ஆண்டுக் காலம் கிடைத்திருக்கும். அந்த இரண்டு ஆண்டுகளை அவரிடமிருந்து யார் எடுத்துக்கொண்டது என்பதுதான் என் கேள்வி.

நோயும் அதை அளக்கும் வழியும்

இந்த நோயின் பெயர் புறத் தமனி நோய். இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்வது. புகையிலையும் சர்க்கரையும் இதற்கு முதல் காரணங்கள். ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரக நோய், வயது ஆகியவை சேர்ந்துகொள்ளும். நடக்கும்போது தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். குழாய் அடைத்திருந்தால் அது போய்ச் சேராது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் தேவை குறைகிறது, வலி விடுகிறது. பெரியப்பா சொன்னது பாடப்புத்தகத்தில் இருக்கும் வர்ணனை. எந்த மருத்துவ மாணவரும் இரண்டாம் வரியில் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்.

ஆனால் எல்லோருக்கும் இப்படித் தெளிவாக வலிக்காது. நோய் உள்ளவர்களில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் இந்த நடை வலி அச்சு அசலாக வருகிறது. சுமார் நான்கு பேருக்குக் காலில் எந்தத் தொல்லையும் தெரியாது. மற்றவர்களுக்கு வேறு விதமான வலி, மரப்பு, சோர்வு. சர்க்கரையால் நரம்பு மரத்துப் போனவருக்கு வலியே எச்சரிக்கை தராது. அதனால்தான் வலிக்காகக் காத்திராமல் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அளப்பது எப்படி? நோயாளி பத்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். முதலில் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பிறகு அதே பி.பி. பட்டையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றுகிறார்கள். ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதிலாகப் பேனா அளவு முனை கொண்ட ஒரு கையடக்க டாப்ளர் கருவி. பாதத்தின் மேல்புறம் ஒரு தமனி ஓடுகிறது. உள் கணுக்காலுக்குப் பின்னால் இன்னொன்று. அந்த இடத்தில் ஜெல் தடவி முனையை வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். பட்டையில் காற்றேற்றினால் சத்தம் நிற்கும். மெதுவாக இறக்கும்போது எந்த அளவில் சத்தம் திரும்புகிறதோ அதுதான் கணுக்கால் அழுத்தம். ஒவ்வொரு காலிலும் இரண்டு தமனிகளில் எது அதிகமோ அதை எடுத்து, இரண்டு கைகளில் எது அதிகமோ அதனால் வகுக்க வேண்டும். இதற்குக் கணுக்கால்–கை அழுத்த விகிதம் என்று பெயர்; மருத்துவமனைகளில் ஏ.பி.ஐ. என்பார்கள்.

கையில் 140, கணுக்காலில் 104 என்றால் விகிதம் 0.74. நல்ல காலில் 1.00 முதல் 1.40 வரை இருக்கும். 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நோய். இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. கால் அழுத்தத்தைக் கையோடு ஒப்பிட்டு அடைப்பைக் கண்டறியலாம் என்று ட்ராவிஸ் வின்சர் எழுதியது 1950-ல். நம் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. டாப்ளர் கருவி இன்று ஒரு நடுத்தரக் கைபேசியின் விலைக்குக் கிடைக்கிறது. கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்ளர் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காலுக்குச் சுமார் 8 மெகாஹெர்ட்ஸ் முனை வேண்டும், அவ்வளவே வித்தியாசம்.

கால் குழாயில் படிந்த கொழுப்பு காலோடு நிற்பதில்லை. இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் படிந்திருக்கும். 2008-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 0.90-க்குக் கீழே விகிதம் உள்ளவர்கள் பத்து ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. ஆகவே இந்தச் சோதனை காலுக்கு மட்டுமானது அல்ல. மாரடைப்பு வருவதற்கு முன் கணுக்காலில் ஒலிக்கிற மணி அது.

ஏன் யாரும் தொடவில்லை?

கருவி வருவதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. அதற்குக் காசே வேண்டாம். இரண்டு விரலால் பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்ப்பது. சிலருக்குப் பிறவியிலேயே பாதத்தின் மேல்புற நாடி தட்டுப்படாது என்பதால் இதை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் சந்தேகம் பிறக்க இது போதும். பெரியப்பாவுக்கு இதைக்கூடச் செய்யவில்லை.

"கூட்டம் அதிகம், ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்தான்" என்பார்கள். உண்மை. பணிச்சுமையால் நொறுங்கும் அரசு மருத்துவர்களை நான் அறிவேன். ஆனால் அந்த இரண்டு நிமிட வரிசையில் நிற்பது எப்போதும் யார்? காசு உள்ளவர் தனியாரிடம் போய் அரை மணி நேரத்தை வாங்கிக்கொள்கிறார். வாங்க முடியாதவருக்கு இரண்டு நிமிடம். வாங்க முடியாதவர்கள் யார் என்பதைச் சாதிச் சான்றிதழ் இல்லாமலே வரிசையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அந்த இரண்டு நிமிடத்துக்குள்ளும் ஓர் உடலை எங்கே தொடுவது, எங்கே தொடாமல் விடுவது என்ற தேர்வு நடக்கிறது. கையைத் தொட்டு பி.பி. பார்க்கிறார்கள். கண்ணிமையை இழுத்துப் பார்க்கிறார்கள். கால்? சாதி இந்த நாட்டில் உடலைக் கூறு போட்டு, காலைக் கடைசியில் வைத்தது. காலிலிருந்து பிறந்தவர்கள் என்று ஒரு கூட்டத்தைச் சொன்னது. அந்தக் கணக்கில்கூடச் சேர்க்காமல் எங்களை வெளியே நிறுத்தியது. அப்படி வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரின், சாக்கடையில் நின்ற ஒருவரின் பாதத்தைக் குனிந்து இரண்டு விரலால் தொட்டு முப்பது விநாடி காத்திருப்பது மருத்துவப் பாடத்தில் மட்டும் பயிற்சி பெற்றவருக்கு எளிதாக வருவதில்லை.

இதை நான் கோபத்தில் சொல்வதாக நினைக்கலாம். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தப்பட்டு 2006-ல் நூலாக வந்த தீண்டாமை ஆய்வு இருக்கிறது. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் எழுதியது. அந்தக் கிராமங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள். குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் ஆய்வு செய்த சங்கமித்ரா ஆச்சார்யா, மருந்து கொடுக்கும்போதும் சோதனை செய்யும்போதும் தொடாமல் தவிர்ப்பதைப் பதிவு செய்தார். தொடுவதுதான் சோதனை என்று இருக்கும் நோயில், தொடாமை எப்படி நோயை மறைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கால் நமக்கு வெறும் உறுப்பு இல்லை. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில், ஆதிக்கச் சாதித் தெருவில் சுமார் அறுபது தலித்துகள் செருப்புப் போட்டு நடந்தது செய்தியானது. 2023-ல்! செருப்புப் போட்டு நடப்பது செய்தியாகும் நாட்டில், செருப்பில்லாத காலில் ஏற்படும் காயமும் அரசியல்தான். ரத்த ஓட்டம் உள்ள காலில் முள் குத்தினால் ஆறிவிடும். ஓட்டம் இல்லாத காலில் அதே முள் விரலைக் கொண்டு போகும், பிறகு காலைக் கொண்டு போகும்.

எண்கள் சொல்வது

"இது பணக்கார நாட்டு நோய்" என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. 2010-ல் உலகில் சுமார் 20 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக 2013-ல் லான்செட் இதழில் வந்த கணக்கீடு கூறியது. அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்ந்தவர்கள். நம் சென்னையிலேயே, நடுத்தர வருமானக் குடியிருப்பு ஒன்றிலும் குறைந்த வருமானக் குடியிருப்பு ஒன்றிலும் நடந்த ஆய்வின் முடிவு 2000-ல் வெளியானது. இதே கணுக்கால் சோதனையைச் செய்து பார்த்ததில் 3.2 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களிடம் அது 6.3 விழுக்காடு.

அதாவது சர்க்கரை உள்ள நூறு பேரில் ஆறு பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. புகையைச் சேருங்கள். 2016–17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் பெரியவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 விழுக்காடு. பீடி பிடிப்பவர்கள் 7.7 விழுக்காடு. பீடி யாருடைய புகை என்று நான் சொல்லத் தேவையில்லை. அடைப்பு நோய் ஒருபுறம். பர்ஜர் நோய் என்று இன்னொன்றும் உண்டு. 1908-ல் லியோ பர்ஜர் விவரித்தது. நாற்பத்தைந்து வயதுகூட ஆகாத, புகைக்கும் ஆண்களின் விரல்களைத் தின்னும் நோய்.

இந்த எண்களில் நம்மவர்கள் எத்தனை பேர்? காலை இழந்தவர்களின் பதிவேட்டில் வயது இருக்கும், பாலினம் இருக்கும், சர்க்கரை அளவு இருக்கும். சாதி இருக்காது. சாதியைக் கேட்டால் பிரித்துப் பார்ப்பதாகிவிடுமாம். கேட்காமல் விட்டால் மறைப்பதாகாதா? கேட்டுப் பார்த்த இடங்களில் உண்மை வெளியே வந்திருக்கிறது. ஒன்பது மாநிலங்களின் தரவை வைத்து வியாஸ், ஹாத்தி, குப்தா ஆகியோர் 2022-ல் எழுதிய ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுட்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளுடையது நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு என்று காட்டியது. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. ஆனால் அதில் நமக்கும் பாடம் உண்டு: இந்த இடைவெளியில் பாதியைக்கூடப் பண வசதி வேறுபாட்டால் விளக்க முடியவில்லை. "எல்லாம் வறுமைதான், சாதி இல்லை" என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

மிசிசிப்பியிலிருந்து ஒரு கண்ணாடி

இதே நோயை இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்கு உதவும். 2020-ல் லிஸ்ஸி ப்ரெஸ்ஸர் என்ற பத்திரிகையாளர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், போலிவர் கவுண்டியிலிருந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஃபோலுசோ ஃபகோரெடே என்ற இதய மருத்துவர் அங்கே நடத்திய போராட்டம் பற்றியது. கருப்பின மக்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்கு அதிகமாகக் கால்களை இழந்துகொண்டிருந்தார்கள். அடிமைகள் நிறைந்திருந்த பகுதிகளின் பழைய வரைபடமும், கால் வெட்டு அதிகம் நடக்கும் இடங்களின் இன்றைய வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. பலருக்கு ரத்தக் குழாய்ச் சோதனை செய்யாமலே கால் வெட்டப்பட்டது.

இதற்கு எதிராக, டொனால்ட் பெய்ன் ஜூனியர் என்ற கருப்பின நாடாளுமன்ற உறுப்பினர் 2020-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆபத்தில் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை இலவசம். தமனியைச் சோதிக்காமல் காலை வெட்டினால் அரசுக் காப்பீடு பணம் தராது. அது சட்டமாகவில்லை. ஆனால் எவ்வளவு கூர்மையான கோரிக்கை பாருங்கள். மருத்துவரிடம் கருணை கேட்கவில்லை. பணம் போகும் குழாயில் ஒரு நிபந்தனை வைக்கக் கேட்டார்.

இன்னொன்றும் உண்டு. 1972-ல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா டாலேயும் தலித் பேந்தர்ஸ் தொடங்கியபோது, அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தார்கள். அந்தப் பெயரை நாம் இன்றும் பெருமையோடு சொல்கிறோம். கருஞ்சிறுத்தைகள் என்றதும் துப்பாக்கியும் தோல் சட்டையும் நினைவுக்கு வருகிறது. அவர்கள் இலவச மருத்துவ நிலையங்கள் நடத்தியதும், 1971-லிருந்து அரிவாள் செல் ரத்தசோகைக்காகத் தெருத் தெருவாகப் போய் ரத்தப் பரிசோதனை செய்ததும் நம் கூட்டங்களில் பேசப்படுவதே இல்லை. தங்கள் மக்களின் நோயை அரசு எண்ணாதபோது தாங்களே எண்ணினார்கள். எண்ணியபிறகு அரசால் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை.

எதிர்வாதத்துக்குப் பதில்

மருத்துவம் படிக்கும் நம் தோழர்கள் சிலர் இப்போதே மறுப்பார்கள்: "அறிகுறி இல்லாத எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்வதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லையே?" சரியான கேள்வி. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-ல் அப்படித்தான் சொன்னது. பயன் இல்லை என்று சொல்லவில்லை; முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. மறுபக்கம், டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையான சுமார் 50,000 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. கால் தமனி, வயிற்றுத் தமனி வீக்கம், ரத்தக் கொதிப்பு மூன்றையும் சேர்த்துச் சோதிக்க அழைக்கப்பட்ட குழுவில் ஐந்து ஆண்டுகளில் மரணம் 7 விழுக்காடு குறைந்திருந்தது. மூன்றும் சேர்ந்த பலன் அது. கால் சோதனைக்கு மட்டும் முழுப் பெருமையையும் கொடுக்க முடியாது.

நாம் கேட்பது ஊரில் உள்ள எல்லோருக்குமான சோதனை அல்ல. ஆபத்தில் உள்ளவர்களுக்கு. 2024 அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டுதலே யாரைச் சோதிக்கலாம் என்று சொல்கிறது: 65 வயதைத் தொட்டவர்கள்; 50 முதல் 64 வரை சர்க்கரை, புகை, கொதிப்பு போன்ற காரணி உள்ளவர்கள்; 50-க்குக் கீழே சர்க்கரையோடு இன்னொரு காரணியும் உள்ளவர்கள். பெரியப்பா இரண்டாம் வரியில் அப்படியே பொருந்துகிறார். அவருக்கு வலியும் இருந்தது. வலி உள்ளவருக்குச் செய்வதில் எந்தப் பணிக்குழுவுக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கருவிக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டுக் கோரிக்கை வைப்பது நேர்மையல்ல. நீண்ட நாள் சர்க்கரையும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும். பட்டையால் அதை அழுத்த முடியாது. விகிதம் 1.40-க்கு மேல் போகும், அல்லது நோய் இருந்தும் நல்ல எண்ணைக் காட்டும். அப்போது கால் பெருவிரலில் சிறு பட்டை சுற்றி அளக்க வேண்டும்; அங்கே 0.70 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நோய். வீட்டில் பி.பி. பார்க்கும் தானியங்கி மெஷினைக் கணுக்காலில் கட்டிப் பார்ப்பது எளிது. ஆனால் அழுத்தம் மிகக் குறைந்த காலில், அதாவது நோய் முற்றிய காலில்தான், அது அதிகம் தவறும்.

கொரோனாவுக்குப் பிறகு எல்லா இடத்திலும் கிடக்கும் விரல் ஆக்சிஜன் மீட்டரைக் கால் விரலில் மாட்டி, கை விரலோடு ஒப்பிடலாம் என்று 2005-லேயே ஓர் ஆய்வு சொன்னது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மீட்டர் கருப்புத் தோலில் குறைந்த ஆக்சிஜனைத் தவறவிடும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. காலைத் தூக்கினால் வெளுக்கும், தொங்கவிட்டால் சிவக்கும் என்ற பாடப்புத்தக அறிகுறியும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியதுதான். வெயிலில் கறுத்த எங்கள் பாதங்களில் வெளுப்பையும் சிவப்பையும் தேடினால் தாமதமாகத்தான் கிடைக்கும். நிறத்தைப் பார்க்காமல் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்பதால், நம் கால்களுக்கு டாப்ளரே நேர்மையான கருவி.

என்ன கேட்பது, என்ன செய்வது

ஒன்று. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரையும் கொதிப்பும் வீட்டு வாசலில் பார்க்கப்படுகின்றன. நல்ல திட்டம். சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கென்று 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தையும் அரசு அறிவித்திருக்கிறது. இரண்டையும் இணைத்து, ஆபத்தில் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை கணுக்கால் அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு டாப்ளர், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு செவிலியர். தேடி வரும் வண்டி காலனிக்குள் வருகிறதா, ஊர் எல்லையில் நிற்கிறதா என்பதையும் கண்காணியுங்கள்.

இரண்டு. தூய்மைப் பணியாளர்களுக்கான மருத்துவ முகாம்களில் இந்தச் சோதனை கட்டாயமாக வேண்டும். வயது வரம்பை 65-ல் வைக்காதீர்கள். பதினைந்து வயதில் பீடியும் வண்டியும் பிடித்தவருக்கு நாற்பது வயதிலேயே கால் முதுமை அடைந்துவிடுகிறது.

மூன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், விபத்தும் உயிர் ஆபத்தான அவசரமும் தவிர, தமனிச் சோதனை அறிக்கை இல்லாமல் காலை எடுக்க ஒப்புதல் தரக் கூடாது. பெய்ன் அங்கே கேட்டதை நாம் இங்கே கேட்போம். ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளியின் மருத்துவக் குறிப்பு மாறாமல் தொடர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

நான்கு. கால் இழந்தவர்களின் கணக்கில் சாதியையும் தொழிலையும் சேருங்கள். இதை அரசு செய்யும் வரை நாம் செய்வோம். மாணவத் தோழர்களே, உங்கள் காலனியில் காலோ விரலோ எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? வீடு வீடாகப் போய் அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள்: என்ன வேலை, எப்போது வலி தொடங்கியது, எத்தனை முறை மருத்துவமனைக்குப் போனார், எடுப்பதற்கு முன் யாராவது காலில் அழுத்தம் பார்த்தார்களா. இந்த நான்கு கேள்விகள் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட மருத்துவமனையிடம், ஆண்டுக்கு எத்தனை கால்கள் எடுக்கப்பட்டன, எத்தனைக்கு முன்னதாகச் சோதனை நடந்தது என்று கேளுங்கள். பெயர் கேட்காதீர்கள், எண் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் மருத்துவர் இல்லை. புண் உள்ள காலிலும் திடீரென்று வீங்கிய காலிலும் பட்டை சுற்றாதீர்கள். எண்ணைப் பார்த்து யாருக்கும் நோய் என்றோ இல்லை என்றோ சொல்லாதீர்கள். பயிற்சி பெற்ற செவிலியரை, நம் சமூகத்திலிருந்து படித்து வந்த மருத்துவர்களை அழைத்து வாருங்கள். இடஒதுக்கீட்டில் படித்தவர் என்று அவர்களை ஏளனம் செய்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. ஏப்ரல் 14-ல் பந்தல் போடுகிறோம், மாலை போடுகிறோம். பாபாசாகேப் சர்க்கரை நோயோடும் கால் வலியோடும் பல ஆண்டுகள் போராடியவர். அவர் பிறந்தநாள் பந்தலில் நான்கு கட்டில் போட்டு நம் அப்பாக்களின், அம்மாக்களின் கால்களைச் சோதிப்பதைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தெரியவில்லை.

சோதித்தபின் என்ன என்று கேட்பீர்கள். நோய் இருந்தால் முதல் வேலை பீடியை நிறுத்துவது. கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை, சர்க்கரையையும் கொதிப்பையும் பிடித்து வைப்பது. பிறகு நடை: வலிக்கும் வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் முறையான பயிற்சி. தேவைப்பட்டால் அடைப்பை நீக்கும் சிகிச்சை. பெரும்பாலான மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பவை. கண்டுபிடிப்பதுதான் இல்லை.

பெரியப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அதே வேலை, அதே பீடி. போன ஆண்டு அவரை ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். செவிலியர் கட்டிலைக் காட்டினார். சித்தப்பா தயங்கி நின்றார். "செருப்ப கழட்டணுமாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எங்கள் ஊர்த் தெரு இருந்தது. அந்தப் பெண், "கழட்டிட்டுப் படுங்க ஐயா, கால்ல ரத்த ஓட்டம் பார்க்கணும்" என்றார். குனிந்து அவர் பாதத்தை இரண்டு விரலால் தொட்டார். வலது கால் 0.74. நான் மேலே சொன்ன கணக்கு அவருடையதுதான்.

சித்தப்பா பீடியை விட்டுவிட்டார் என்று சொல்ல ஆசை, பாதிதான் விட்டிருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார். மாலையில் நடக்கிறார். கால் இருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா அவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு கால் எங்களுக்குக் கிடைத்தது. இன்னொரு கால் எங்களுக்குக் கடன். அந்தக் கடனைக் கேட்கத்தான் இதை எழுதினேன்.

ஜெய்பீம்.